ம் கொட்டக் கூடாது

எனக்கு அந்த வகுப்பு கிடைத்ததே மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டதால்தான். 2007 ஆகஸ்ட். அப்பாவின் வேலை மாறி, திருச்சியிலிருந்து டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஒரு புறநகருக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பத்தாம் வகுப்பு. பாடங்களைப் பிரித்துப் போட்டுக் கொடுக்கிற அம்மாவை அங்கே கவுன்சிலர் என்பார்கள். மனக்கஷ்டம் என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும், கணக்கு வகுப்பை மாற்றவும் அவரிடம்தான் போக வேண்டும். கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: ஓவியம் நிரம்பிவிட்டது, ஃபோட்டோகிராஃபியும் நிரம்பிவிட்டது, வீடியோ தயாரிப்பும் ஒளிபரப்பும் என்று ஒன்று இருக்கிறது, போடவா? நான் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல். அது ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "யெஸ், யெஸ்" என்று சொல்லி முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "வீடியோ எடுக்கிறதெல்லாம் பள்ளிக்கூடத்துல ஒரு பாடமா? அதுக்கு இவ்வளவு தூரம் ஏன் வரணும், உங்க சித்தப்பாகிட்டயே கத்துக்கிட்டிருக்கலாமே!"

சித்தப்பா துறையூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான். தோளில் பெரிய பானாசோனிக் கேமரா, பின்னால் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், அந்தப் பையன் வயர் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள நான். தாலி கட்டும் இடத்தில் படம் இதய வடிவத்தில் சுருங்கும். அதற்குள்ளிருந்து ஒரு ரோஜா விரியும். ரோஜாவுக்குள்ளிருந்து பெண்ணின் முகம் சுற்றிக்கொண்டே வரும். ஆனால் சத்தம் என்று ஒன்று அந்தக் கேசட்டுகளில் கிடையவே கிடையாது. மேளம், ஐயர் மந்திரம், பந்தியில் "சாம்பார், சாம்பார்" என்று ஓடுகிற குரல், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். தாத்தாவின் அறுபதாம் கல்யாணக் கேசட்டில் தாத்தா அப்பாயி பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறார், அப்பாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என்ன சொன்னார் என்று கேட்டால் அப்பாயி கடைசிவரை சொல்லவில்லை. கேசட்டைப் போட்டால் அந்த இடத்தில் வயலின்தான் கேட்கிறது.

வகுப்பு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் இருந்தது. ஒரு பக்கம் வண்டி ரிப்பேர் சொல்லித்தரும் பட்டறை, இன்னொரு பக்கம் சமையல் வகுப்பு. தொழிற்கல்வி என்ற தலைப்பில் வருகிற பாடங்களை எல்லாம் ஒரே வராந்தாவில் வைத்திருந்தார்கள். டெக்சஸில் இது விளையாட்டுக்கு நடத்துகிற வகுப்பு கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்திலேயே ஒலி-ஒளித் தயாரிப்பு என்று பெயர் போட்டு, வருடக்கணக்கில் தொடர்ந்து படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். வாத்தியார் பள்ளிக்கு வருமுன் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ஒலிப்பதிவு பார்த்தவர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், காதைத் திருப்பிக்கொண்டு நிற்பார். முதலில் மரியாதை இல்லாதவர் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் கேபிள் சுற்றினோம். அவ்வளவுதான். எனக்கு அதில் ஒரு திமிர்கூட இருந்தது, சித்தப்பாவின் வயரை எத்தனை கல்யாணத்தில் சுற்றியிருக்கிறேன்! உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் போட்டு, கொடிக்கயிறு சுற்றுவது போலப் பரபரவென்று சுற்றி நீட்டினேன். வாத்தியார் அதை வாங்கி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தரையில் வீசினார். கேபிள் குடல் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அடுத்து அவர் சுற்றினார். ஒரு வளையம் மேல்பக்கமாக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. ஒரு முறுக்கை அடுத்த முறுக்கு கழித்துவிடும். வீசியபோது நேர்கோடாகப் போய் விழுந்தது. முழங்கையில் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி நாளாவட்டத்தில் முறுக்கேறி அறுந்துபோகும், அறுவதற்கு முன்னால் கரகரக்கும், அந்தக் கரகரப்பு நேரலையில்தான் வரும் என்றார். இன்றும் எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனர் வயரை நான் அப்படித்தான் சுற்றுகிறேன். மனைவி பார்க்கும்போது சிரிப்பாள்.

மூன்றாவது வாரம் கேமரா வரும் என்று பார்த்தால் ஹெட்ஃபோன் வந்தது. இரண்டு பேருக்கு ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், சின்ன ரெக்கார்டர் ஒன்று. பள்ளிக்கூடத்தைச் சுற்றிவந்து கேளுங்கள், கேட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். என்னோடு வந்தவள் வியட்நாம் குடும்பத்துப் பெண். அவளும் என்னைப் போல அதிகம் பேசாதவள். கூல்டிரிங்க்ஸ் மெஷின் உறுமுகிறது. ஏசி குழாய் பெருமூச்சு விடுகிறது. நூலகத்துக்குள் போனோம். அமைதியான இடம் என்று நினைத்தால் மேலே டியூப்லைட் "ங்ங்ங்" என்று பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் என்னவோ மாதிரி இருந்தது. தெரிந்த சத்தம்தான், ஆனால் தெரிந்த சத்தம் இல்லை.

வாத்தியாரிடம் சொன்னபோது அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். உங்கள் ஊரில் மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்தியாவில் 50, இங்கே 60. பழைய டியூப்லைட்டின் சோக்கு அதற்கு இரண்டு மடங்கில் ரீங்கரிக்கும். அங்கே 100, இங்கே 120. நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய், உன் வீட்டு விளக்கைவிட இது மேல் சுருதி என்றார். பிறகு ஒருநாள் கர்நாடக சங்கீதம் படித்த அத்தை மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கணக்குப் போட்டுவிட்டு, "நம்ம ஊர் டியூப்லைட் சட்ஜமம்னா அமெரிக்கா டியூப்லைட் சாதாரண காந்தாரம்டா" என்றாள். ச ரி க-வில் அங்கே ச, இங்கே க. புது ஊருக்கு வந்த முதல் மாதத்தில் எதைப் பார்த்தாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்ததே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

கேமரா கடைசியில் வந்தது. மினிடிவி (MiniDV) என்கிற சின்ன வீடியோ கேசட் போடுகிற கேனன். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஏறி முடிக்கும்போது வட்டில் 13 ஜிபி போயிருக்கும். 2007-ல் அது பெரிய இடம், ஒருவர் ஏற்றினால் இன்னொருவர் அழிக்க வேண்டும். என் முதல் எடிட்டிங் வேலை, பள்ளி உணவகத்தைப் பற்றி ஒரு நிமிடப் படம். சித்தப்பாவின் வாரிசாக அதை முடித்தேன். பீட்சா இதய வடிவத்தில் சுருங்கியது, அதற்குள்ளிருந்து சமையல்காரர் சுழன்று வந்தார். வகுப்பு கைதட்டிச் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவுகிற வெட்டு, ஒன்று மங்க மங்க அடுத்தது தெரிகிற கரைவு, இந்த இரண்டு போதும், மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஏன் வேண்டும் என்று எழுதிக் கொண்டுவா என்றார். அப்புறம் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிட்டார். ஒரு நிமிடமும் பாட்டு. தட்டுச் சத்தம் இல்லை, வரிசையில் தள்ளிக்கொள்கிற சத்தம் இல்லை. "இங்கே யாராவது சாப்பிட்டார்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது பருவத்திலிருந்து காலை நேரலை. இரண்டாம் பீரியடு தொடங்கியதும் எல்லா வகுப்பறைத் தொலைக்காட்சியிலும் எங்கள் நிகழ்ச்சி வரும். மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 2000 பேர். ஸ்டுடியோவில் மூன்று கேமரா, ஒரு மேசை, செய்தி வாசிக்க இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் டெலிபிராம்ப்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். இயக்குநர் நாற்காலியில் உட்காருகிறவர் "ஸ்டாண்ட்பை டூ... டேக் டூ" என்பார், கேமராவை மாற்றுகிற ஸ்விட்சரில் இருப்பவர் இரண்டாவது கேமராவின் பொத்தானை அமுக்குவார், ஆடியோவில் இருப்பவர் யாருடைய மைக் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று பார்த்துக்கொள்வார். ஸ்டுடியோவுக்குள் நிற்கிற ஃப்ளோர் மேனேஜர் ஐந்து, நான்கு, மூன்று என்று சத்தமாக எண்ணுவார். இரண்டும் ஒன்றும் விரல்தான், சத்தம் கிடையாது. அதற்குள் மைக் திறந்திருக்கும். அந்தச் சத்தமில்லாத இரண்டு எண்களுக்குள் எனக்கு வயிற்றைக் கலக்காத நாளே இல்லை.

நிகழ்ச்சியின் முதல் மூன்று நிமிடங்களை எங்களால் மாற்ற முடியாது, அது சட்டம். அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி, அடுத்து டெக்சஸ் கொடிக்கு உறுதிமொழி, அதற்கடுத்து ஒரு நிமிட மௌனம். 2003-ல் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்தது. மாநிலக் கொடிக்குத் தனியாக உறுதிமொழி இருப்பதே எனக்கு அதிசயம். தமிழ்த்தாய் வாழ்த்து மாதிரி என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். வந்த புதிதில் எனக்கு மட்டும்தான் அது வாயில் நுழையவில்லை என்று கூச்சமாக இருந்தது. சுற்றிப் பார்த்தால் எல்லோருமே நடுவில் தடுமாறினார்கள். விஷயம் என்னவென்றால் அந்த வருடம்தான் அதில் 'கடவுளின் கீழ் ஒரே மாநிலம்' என்று பொருள்படும் நான்கு ஆங்கில வார்த்தையைச் சேர்த்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவர்களும் என்னோடு சேர்ந்து புதிதாகத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல வரவேற்பு எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

மௌன நிமிடம் இருக்கிறதே, அது வேறு கதை. பிரார்த்தனை செய்யலாம், யோசிக்கலாம், சும்மா இருக்கலாம், மற்றவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. இது பள்ளிக்குள் மதத்தைக் கொண்டுவருகிற வேலை என்று டாலஸ் பக்கத்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வாதங்களெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்த 60 வினாடியில் எல்லா ஃபேடரும், அதாவது மைக்கின் ஒலியை ஏற்றி இறக்குகிற தள்ளுபொத்தான்கள், கீழே இருக்க வேண்டும். ஏனென்றால் பேச்சு நடுவில் மைக் திறந்திருந்தால் யாருக்கும் தெரியாது. 2000 பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திறந்திருந்தால் ஒரு தும்மலும் தப்பாது.

ஒரு வியாழக்கிழமை இரண்டாவது ஃபேடரை இறக்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. இறக்கினேன் என்று கை நினைத்துக்கொண்டிருந்தது. திரையில் கொடி. கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறோம். செய்தி வாசிக்கிற பெண் பக்கத்தில் இருந்தவனிடம் குசுகுசுவென்று கேட்கிறாள், கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க் முடித்துவிட்டாயா, அடுத்த பீரியடுக்குள் பார்த்து எழுதிக்கொள்கிறேன், தருவாயா? அவன் தருகிறேன் என்றான். எட்டு வினாடி இருக்கும். பள்ளிக்கூடம் முழுக்க மயான அமைதி, அதன் நடுவில் இந்த வியாபாரம். தூரத்தில் எங்கோ ஒரு வகுப்பறையிலிருந்து கிளம்பிய சிரிப்பு வராந்தா வழியாக எங்கள் கதவு வரைக்கும் வந்தது. கெமிஸ்ட்ரி ஆசிரியையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

திருச்சிப் பள்ளியில் நான் செய்த தப்பெல்லாம் எனக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரிந்த தப்பு. சிவப்பு மையில் ஒரு சுழி, அவ்வளவுதான். இங்கே மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது முகம் தெரியாத பையன்களெல்லாம் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்" என்றார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துவிடலாம் என்றிருந்தேன். அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். வாத்தியார் அன்றும் என்னை ஆடியோவில்தான் உட்காரவைத்தார். திட்டவில்லை. ஃபேடரைக் கண்ணால் பார்க்காதே, ஹெட்ஃபோனில் கேள், மைக் மூடியிருந்தால் அந்த அறையே காணாமல் போகும், அது போகிறதா என்று கேள் என்றார். உண்மைதான். ஒரு மைக்கை மூடும்போது குரல் மட்டும் போவதில்லை, அந்த அறையின் காற்றே போய்விடும். ஒரு தடவை கேட்டுப் பழகிவிட்டால் தப்பவே தப்பாது.

எல்லோரும் எல்லா நாற்காலியிலும் உட்கார வேண்டும் என்பது விதி என்பதால் ஒரு வாரம் நானும் செய்தி வாசித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலத்தில் 'ப' என்று தொடங்கினால் வாயிலிருந்து காற்று குண்டு மாதிரி வந்து மைக்கில் மோதும். வாய்க்கு முன்னால் தாளைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் எல்லோருக்கும் தாள் ஆடியது, எனக்கு ஆடவில்லை. ஒலிப்பதிவுக்கு இது வரம் என்று வாத்தியார் சந்தோஷப்பட்டார். ஆனால் நான் மாணவர் பார்க்கிங் பற்றி அறிவிப்பு வாசித்த அன்று, கேட்டவர்கள் காதில் நாய் குரைப்பது பற்றிய அறிவிப்பாக அது விழுந்திருக்கிறது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம், என் வாயும் அப்படியே பழகிவிட்டது, நான் என்ன செய்ய?

இரண்டாம் வருடத்தில் ஒரு நவம்பரில் வாத்தியார் ஒரு பழைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். 1963 நவம்பர் 22, டாலஸ். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே டபிள்யூஎஃப்ஏஏ என்ற உள்ளூர் நிலையம். அதன் நிகழ்ச்சி இயக்குநர் ஜே வாட்சன் ஊர்வலம் பார்க்கப் போயிருந்தவர், வெடிச்சத்தம் கேட்டதும் நிலையத்துக்கு ஓடிவந்து, போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு கேமரா முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். மூச்சு வாங்குகிறது, அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். வாத்தியார் அந்த இடத்தில் படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் மறுபடி ஓட்டினார். மூச்சைக் கேளுங்கள், எழுதிக் கொடுத்து வாசித்தால் இது வராது என்றார்.

அதே மதியம் அதே ஸ்டுடியோவில் ஆபிரஹாம் ஜாப்ரூடர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கென்னடி சுடப்பட்டதைத் தன் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த ஆடைத் தயாரிப்பாளர். உலகத்தில் அந்த 26 வினாடிப் படத்தை அலசிய அளவுக்கு வேறு எந்தப் படத்தையும் யாரும் அலசியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் சுருள் இன்னும் கழுவப்படவே இல்லை. அதனால் அவர் வாயால் சொல்கிறார், கையைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறார். அந்தப் படத்தில் ஒலி கிடையாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். எத்தனை குண்டு, எந்தத் திசையிலிருந்து என்று இத்தனை வருடம் சண்டை போடுகிறார்களே, அந்தச் சுருளில் ஒரு சத்தம் பதிவாகியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது என்று வியட்நாம் தோழி சொன்னாள். எனக்கு ஏனோ தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் ஞாபகம் வந்தது.

2009 தொடக்கத்தில் எங்களுக்குச் செய்திக் கட்டுரை எடுக்கிற வேலை. அப்போது அமெரிக்கா முழுக்க ஒரே பேச்சு, பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றப் போகிறார்கள். பிப்ரவரி 17 என்று நாள் குறித்திருந்தார்கள். கேபிள் இருக்கிற வீட்டுக்குக் கவலை இல்லை. ஆன்டெனா வைத்துப் பார்க்கிறவர்கள் டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு மாற்றித்தருகிற ஒரு பெட்டி வாங்கியாக வேண்டும். அதற்கு அரசாங்கம் வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தது. ஜனவரியிலேயே அதற்கு ஒதுக்கிய பணம் தீர்ந்து, விண்ணப்பித்தவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். கடைசியில் நாளையே ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்த பாட்டி ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். எண்பது தாண்டியவர். அவர் வீட்டுத் தொலைக்காட்சி மேல் இரண்டு கம்பி நீட்டிய ஆன்டெனா, ஒரு கம்பியில் அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, நாமும் இதைத்தானே செய்தோம். தோழி கேமரா, நான் கேள்வி. காலர் மைக்கைப் பாட்டியின் சட்டையில் மாட்டினோம். அவர் நன்றாகப் பேசினார். கணவர் கதை, முதல் டிவி வாங்கிய கதை, எல்லாம். அரை மணி நேரம். பெருமையோடு வகுப்புக்கு வந்து வாத்தியாரிடம் கேசட்டைக் கொடுத்தோம்.

அவர் ஹெட்ஃபோனில் இரண்டு நிமிடம் கேட்டார். கழற்றி என் தலையில் மாட்டினார். பாட்டி பேசுகிறார்: நாங்கள் புதிதாகக் கல்யாணம் ஆனபோது... "ம்." இந்தத் தெருவில் யார் வீட்டிலும்... "ம்ம்." என் கணவர் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து... "ஆங்!" ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில்கூட வெட்ட முடியாது, எங்கே வெட்டினாலும் என் "ம்" ஒட்டிக்கொண்டு வரும்.

நான் அதைச் செய்தேன் என்றே எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அப்பாயி கதை சொல்லும்போது ம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். பிறந்ததிலிருந்து இதுதான் பழக்கம். "என்னா, ம் கொட்டுறியா, தூங்கிட்டியா?" என்று இருட்டில் குரல் வரும். தூங்கினாலும் ம் கொட்டத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள். கதை சொல்கிறவர் பாதி, ம் கொட்டுகிறவர் பாதி. வாத்தியாரிடம் இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தலையை ஆட்டு, கண்ணால் பேசு, வாயைத் திறக்காதே என்றார். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பது ஏன் என்பதும் அப்போது பிடிபட்டது. அவர் இத்தனை நாளும் எங்களிடம் ம் கொட்டியதே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். பின்னால் ஒரு ஃபிரிட்ஜ் ஓடுகிறது, அதை அணைத்துவிட்டு எடு. அணைத்தால் உன் வீட்டுச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள் வை. கிளம்பும்போது சாவியைத் தேடுவாய், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய தந்திரமாம். இரண்டாவது தடவை போனபோது ஃபிரிட்ஜை அணைத்தோம். சாவியை வைக்கவில்லை. எனக்கா மறக்கும் என்ற நினைப்பு. ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டி எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்து, ஐஸ்கிரீம் குடிக்கிற பதத்தில் இருக்கிறது, வந்து குடித்துவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார். அம்மா ஒரு டப்பா நிறையத் தயிர்சாதமும் ஒரு புது ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். தயிர்சாதம் பாட்டிக்குப் பிடித்துப்போய், அதற்கப்புறம் அது வெள்ளிக்கிழமை வழக்கமாகிவிட்டது.

அந்த இரண்டாவது பேட்டியில்தான் விஷயம் கிடைத்தது. புதுப் பெட்டியில் என்ன பயம் என்று கேட்டேன். படம் தெளிவாக இருக்கும் என்கிறார்கள், நல்லதுதான் என்றார். முன்பாக இருந்தால் நான் "ம்" என்றிருப்பேன், அவரும் அத்தோடு விட்டிருப்பார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்று வினாடி, நான்கு வினாடி. நேரம் போகவே மாட்டேனென்கிறது, ஃபிரிட்ஜ் சத்தம்கூட இல்லை. பிறகு அவராகவே பேசினார். புயல் மழை நாளில் படம் புள்ளி புள்ளியாகப் போனாலும் பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், என் கணவர் போனதிலிருந்து வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும் எனக்கு, புதியதில் படம் நின்றால் சத்தமும் சேர்ந்து நின்றுவிடுமாமே?

நின்றுவிடும் என்பதுதான் உண்மை. அனலாக்கில் சிக்னல் தேயத் தேயப் படம் பனி பெய்வது போலாகும், குரல் தாக்குப்பிடிக்கும். டிஜிட்டலில் ஒரு எல்லை வரைக்கும் எல்லாம் பளிச்சென்று இருக்கும், அதைத் தாண்டினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். எல்லாத் தொலைக்காட்சிகளும் தெளிவான படம் என்றே பேசிக்கொண்டிருந்த நாளில் எங்கள் இரண்டரை நிமிடத்தில் அது இருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக இருந்தது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே ஓடவில்லை. அடுத்த வருடம் பள்ளிப் பேருந்துகள் தாமதமாக வருவதைப் பற்றி ஒரு கட்டுரை எடுத்தோம். ஓட்டுநர்கள், பிள்ளைகள், நிறுத்தத்தில் காத்திருக்கிற அம்மாக்கள், எல்லோரையும் பதிவு செய்தோம். பள்ளி அலுவலகம் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்றது. காரணம் சொல்லவில்லை. வாத்தியாரிடம் கொதித்தோம். அவர் எதுவும் பேசாமல் ஒரு வழக்கின் தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்தார். 1983-ல் மிசௌரியில் ஹேசல்வுட் என்ற ஊர்ப் பள்ளிப் பத்திரிகையில் மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் எழுதியிருந்த இரண்டு பக்கங்களை முதல்வர் எடுத்துவிட்டார். மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 1988-ல் 5-க்கு 3 என்று தோற்றார்கள். வகுப்புப் பாடமாக நடக்கும் பத்திரிகையில், கல்வி நோக்கில் நியாயமான காரணம் இருந்தால், பள்ளி கை வைக்கலாம் என்று தீர்ப்பு. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மாணவர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் உண்டு, டெக்சஸில் இல்லை என்றார். எனக்கு அது அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. தாமதத்தைப் பற்றிய கட்டுரையைத் தாமதப்படுத்துவதில் என்ன கல்வி நோக்கம்? அந்த மூன்று நிமிடம் இன்னும் என்னிடம் ஒரு மினிடிவி கேசட்டில் இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் டெக் இல்லை.

நான் இந்தத் துறைக்கு வரவில்லை. இன்று மென்பொருளில் கோளாறு கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறேன், வீட்டில் இரண்டு திரை, ஒரு நல்ல ஹெட்ஃபோன். தோழி மட்டும் ஹூஸ்டனில் ஒரு நிலையத்தில் ஆடியோ பார்க்கிறாள்.

பள்ளி முடித்து, 2011 கோடையில் ஊருக்குப் போனபோது அப்பாயியைப் பதிவு செய்தே தீர்வது என்று கிளம்பினேன். எண்பத்துநான்கு வயது அவளுக்கு. ரெக்கார்டர், காலர் மைக், ஹெட்ஃபோன், எல்லாம் சொந்தக் காசில். பின்கட்டு அறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, ஃபிரிட்ஜை அணைத்து, இந்தத் தடவை என் பெட்டிச் சாவியை மறக்காமல் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் பேசாமல் இருக்கும் அறையின் சத்தத்தை முதலில் முப்பது வினாடி எடுக்க வேண்டும், பின்னால் ஒட்டுப்போட உதவும். எடுத்தேன். காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் கேஸ் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போகிறவர். அப்பாயி, "என்னடா இது, அஞ்சலி செலுத்துற மாதிரி" என்றாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

பிறகு அவள் கல்யாணமாகி வந்த கதையைத் தொடங்கினாள். மாட்டுவண்டி, கொள்ளிடத்தில் தண்ணீர், மாமியாருக்குக் காது கேட்காது. நான் வாத்தியார் சொன்னபடி தலையை ஆட்டினேன், கண்ணை விரித்தேன், வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. அவள் பேச்சு மெலிந்தது. இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. கண்புரை இருந்ததால் என் தலை ஆடுவது அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"தூங்கிட்டியா?"

"இல்ல அப்பாயி, சொல்லு."

"பின்ன ம் கொட்டு."

அந்தக் கோப்பு 51 நிமிடம். கணினியில் திறந்தால் அவள் குரல் மலை மலையாக எழும்பிப் போகிறது, ஒவ்வொரு மலைக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு மேடு. முப்பத்தெட்டாவது நிமிடத்தில், கேட்காமலேயே, அறுபதாம் கல்யாணத்தன்று தாத்தா என்ன சொன்னார் என்று சொல்லத் தொடங்கி, அவளே சிரித்துவிட்டு, "சீ, அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று மாமியார் கதைக்குத் திரும்பிவிடுகிறாள். அந்த இடத்தில் மட்டும் என் மேடு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.